மார்ஜின் விட்டு எழுது



தைப்பூசத்தன்று செய்யாற்றில் சாமி பார்க்க வந்தபோது என் வலது கன்னத்தில் இருந்த கட்டைப் பார்த்துப் பலர் விசாரித்தீர்கள். "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டி" என்று சொல்லி நழுவிவிட்டேன். அது வாத்தியார் சொன்ன பொய். இப்போது காயம் ஆறிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

காதுக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி இரண்டு வருடமாக இருந்தது. வயதானால் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். அதை முதலில் கவனித்தவர் டாக்டர் இல்லை. எனக்கு முடி வெட்டும் தம்பி. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். "சார், தப்பா நெனைக்காதீங்க. போன வருசம் இது மிளகு அளவுதான் இருந்துச்சி. இப்ப பெருசாயி, ஓரம் கலைஞ்ச மாதிரி இருக்குது. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றான். அந்த இடத்தில் கத்தி படாமல் சவரம் செய்துவிட்டான்.

வீட்டில் என் மனைவி, "சுண்ணாம்பும் சோடாவும் குழைச்சு வெச்சா நாலே நாள்ல உதிர்ந்துடுங்க" என்றாள். எங்கள் வீட்டில் மருவுக்கு அதுதான் வைத்தியம். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் தம்பியின் பேச்சு மனதை அரித்தது. காஞ்சிபுரம் பஸ் ஏறி ஒரு தோல் டாக்டரிடம் காட்டினேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தவர் முதலில் கேட்டது, "சுட்டு, கிள்ளி எதுவும் பண்ணலையே?" இல்லை என்றேன். "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றார். புள்ளியைச் சுற்றி 2 மில்லிமீட்டர் விட்டு முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். நம் நிறத்தாருக்கு இது அரிது. வந்தாலும் உள்ளங்காலில், நகத்துக்கு அடியில் வருவதுதான் அதிகம். எனக்கு முகத்தில் வந்திருக்கிறது.

அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் சென்னையில் அறுவை சிகிச்சை நிபுணர் பொறுமையாக விளக்கியதும்தான் மூச்சு வந்தது.

இந்த நோயில் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியமாம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் 1970-ல் இதைச் சொன்னார். எனக்கு ஆழம் 0.5 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர். ஆழம் 1 மில்லிமீட்டரை நெருங்கினால் கழுத்தில் நெறி கட்டும் இடத்தில் முதல் கணுவை எடுத்துச் சோதிப்பது பற்றியும் யோசிப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. சுண்ணாம்பு வைத்திருந்தால் அளப்பதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது. மேலே பொரிந்து உதிர்ந்து, வேர் உள்ளேயே வளர்ந்திருக்கும்.

முகத்தில் கண், உதடு, மூக்கு எல்லாம் பக்கத்தில் இருப்பதால் சில இடங்களில் ஓரத்தைக் குறைக்க வேண்டியிருக்குமாம். எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, வெட்டி அன்றைக்கே பக்கத்துத் தோலைத் திருப்பி மூடிவிடுவது. ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் பிறகு ரிப்போர்ட்டில் ஓரத்தில் நோய் இருப்பதாக வந்தால், தோலை நகர்த்திய பிறகு பழைய ஓரம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இன்னொன்று, வெட்டிவிட்டு மூடாமல் கட்டுப் போட்டு, ரிப்போர்ட் வந்த பிறகு மூடுவது. அதற்குச் சில நாள் திறந்த காயத்தோடு காத்திருக்க வேண்டும். வெட்ட வெட்ட அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் என்ற முறையும் உண்டு. அதைச் செய்யும் இடங்கள் நம் பக்கம் குறைவு.

நான் காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் தைப்பூசத்தில் பார்த்தது அந்தக் கட்டைத்தான். ரிப்போர்ட் வந்தது. மூன்று பக்கம் சுத்தம், காதுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். அங்கே இன்னும் ஒரு கீற்று எடுத்தார்கள். அதுவும் சுத்தம் என்று வந்த பிறகுதான் மூடினார்கள். இரண்டு முறையும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. அன்றைக்கே வீடு.

முகம் கோணிவிடும் என்று என் மனைவி பயந்தாள். டாக்டர் சிரித்தபடி, "அம்மா, தோலைத் திருப்பித் தைக்கிறது நம்ம ஊரு வித்தைதான். நெத்தித் தோலைத் திருப்பி மூக்கு செஞ்சதைப் பாத்து 1794-லேயே லண்டன் பத்திரிகையில எழுதியிருக்கான்" என்றார். இப்போது காதோரம் மெல்லிய கோடு ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்தையும் தோலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டில் மார்ஜின் விடாதவர்களின் பக்கத்தைக் கிழித்தவன் நான். உங்களில் பலருக்கு இன்னும் கோபம் இருக்கலாம். "ஓரம் சுத்தமா இருக்கணும் சார்" என்று என் மாணவர்கள் வயதுள்ள ஒரு டாக்டர் எனக்குச் சொன்னபோது உங்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு மச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, ஓரம் கலைந்திருக்கிறது, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது மாறிக்கொண்டே வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்கால், நகம் எல்லாவற்றையும் பாருங்கள். சுண்ணாம்பு வேண்டாம், பியூட்டி பார்லரில் சுடவும் வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

போன வாரம் முடி வெட்டப் போனேன். தம்பி தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா மூடியிருக்காங்க சார்" என்றான். காசு வாங்க மாட்டேன் என்றான். நான்தான் அதட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பெருநகர் கணக்கு வாத்தியார்