விற்கவும் படிக்க வேண்டுமா?

"படித்தால்தான் பிழைக்கலாம்" என்பார் சிலர். "படிக்காதவர்தானே கடை வைத்து மாடி வீடு கட்டுகிறார்?" என்பார் வேறு சிலர். இவற்றுள் எது உண்மை? இக்கேள்விக்கு எலுமிச்சம்பழம் பதில் சொல்லும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

பள்ளி விழாச் சந்தையில் எங்கள் வகுப்புக்கு எலுமிச்சை ஜூஸ் கடை கிடைத்தது. லாபம் முழுவதையும் முதியோர் இல்லத்திற்குக் கொடுப்பதாகச் சிஸ்டரிடம் வாக்களித்தோம். விளம்பரம் செய்வது எப்படி என்று கைப்பேசியில் காணொளிகள் பார்த்தோம். வண்ணத் தாள்களில் எழுதி ஒட்டினோம். முதல் ஒரு மணி நேரம் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை!

எங்களில் ஒருத்தியின் அம்மா பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். அவள்தான், "மேசையைத் தூக்குங்கடீ!" என்றாள். இசை நாற்காலிப் போட்டி முடிந்து வேர்த்து வருபவர்கள் கடந்து செல்லும் வேப்பமரத்தடிக்குக் கடை மாறியது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு வாய் சும்மா கொடுத்தாள். குடித்த பிள்ளை அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணிக்குள் 140 குவளைகள், குவளை 10 ரூபாய் வீதம் விற்றுத் தீர்ந்தன.

"பார்த்தீர்களா! இதற்குக் கல்லூரி எதற்கு? பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கடைக்கு வா என்று அப்பா சொல்வது சரிதான்" என்றாள் அவள். நாங்கள் கை தட்டினோம்.

மாலையில் கணக்குப் பார்த்தோம். வரவு 1,400 ரூபாய். எலுமிச்சை 550, சர்க்கரை 300, ஐஸ் 250, காகிதக் குவளை 420. ஆகச் செலவு 1,520. நஷ்டம் 120 ரூபாய்! பக்கத்துக் கடையைப் பார்த்து விலை வைத்தோமே தவிர, ஒரு குவளையின் அடக்க விலையை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. தட்டிய கைகள் கன்னத்திற்குப் போயின.

சிஸ்டர் கோபிக்கவில்லை. இருவர் கதையைச் சொன்னார். டாக்டர் வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் பயின்றவர். 1949-ல் குஜராத்தின் ஆனந்த் ஊருக்கு வந்தார். பால் விற்கும் வித்தை அந்தப் பாடங்களில் இல்லை. உழவர்களோடு பழகி, வேலையிலேயே கற்றார். அமுல் வளர்ந்தது. கர்சன்பாய் படேல் வேதியியல் பட்டதாரி. 1969-ல் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாகச் சென்று விற்றார். அதுவே நிர்மா.

"விற்பனையைத் தாமே கற்ற இவ்விருவரும் பின்னாளில் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்வி நிலையம் தொடங்கினார்கள்! குரியன் 1979-ல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகத்தை நிறுவினார். நிர்மா பல்கலைக்கழகம் 2003-ல் உருவாயிற்று" என்றார் சிஸ்டர். தாங்கள் தடுக்கி விழுந்து கற்றதை அடுத்தவர் விழாமல் கற்கட்டும் என்றுதானோ? எங்கள் தோழி மட்டும் பேசாமலிருந்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "எனக்கு விக்கத் தெரியும் சிஸ்டர். ஆனா மாசக் கடைசியில காசு எங்க போச்சுன்னு தெரியல. அழுகின பழத்தையும் வட்டியையும் யாரு எழுதி வைக்கிறா? அதை இவ படிச்சு எனக்குச் சொல்லட்டும்" என்றார். எங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நாங்கள் எங்கும் கேட்டதில்லை. சந்தை மனிதரைக் கற்பிக்கிறது. பள்ளி கணக்கைக் கற்பிக்கிறது. ஒன்றைக் கற்றவர் மற்றதை இகழ்ந்தால் நஷ்டம் அவருக்கே.

120 ரூபாயை எங்கள் கைச் சேமிப்பிலிருந்து கட்டினோம். விளையாட்டு விழாவன்று மீண்டும் கடை போட்டோம். மரத்தடியும் அவள் தேர்வு. அடக்க விலையும் அவள் எழுதியதே. குவளை 15 ரூபாய். லாபம் 500 ரூபாய் முதியோர் இல்லம் சேர்ந்தது.

மேல்நிலையில் வணிகவியல் படிக்க அவளுக்கு ஆசை. அவள் அப்பா இன்னும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார். நாங்கள் ஜெபிக்கிறோம். அவளோ பழக்கடைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, தினமும் இரவு அப்பாவிடம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.