கைடு காசு மிச்சம்!

அந்தமான் போவது என்று முடிவானதும் நான் முதலில் எடுத்தது பெட்டியை அல்ல, கால்குலேட்டரை. பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தானே போகும்?

ஏஜென்ட் சொன்ன 'ஐந்து நாள் பேக்கேஜ்' தொகையை இடது பக்கம் எழுதினேன். ரூம், ஆட்டோ, படகு, சாப்பாடு எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால் ஆகும் செலவை வலது பக்கம் எழுதினேன். வித்தியாசத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சுதந்திரப் போராட்ட வீரன் எழுந்துவிட்டான்.

"காலங்கார்த்தால விசில் அடிச்சு எழுப்பி, ஆட்டு மந்தை மாதிரி வேன்ல ஏத்துவான்ப்பா. நமக்கு வேணாம். நாமளே சுத்தலாம்."

"உன் இஷ்டம்ப்பா" என்றார் அப்பா. தபாலாபீஸில் ரிடையரானவர், வயது 72. அவருக்கு ஒரே ஆசை, செல்லுலார் ஜெயிலைப் பார்க்க வேண்டும்.

முதல் நாளே போனோம். (போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் ஆட்டோக்காரர் வாயில் மட்டும் இன்னும் பழைய பேர்தான்.) வாசலிலேயே ஒரு கைடு வந்தார். கேட்ட தொகை நியாயமானதுதான். நானோ, "எல்லாத்துக்கும் போர்டு வச்சிருக்கான், படிச்சுக்கலாம் வாங்க" என்று அவரைத் தாண்டி நடந்தேன்.

உள்ளே நீள நீளமாக வராந்தா. வரிசையாக அறைகள். பத்து அறை பார்த்ததும் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பினால்... அப்பாவைக் காணோம்!

தேடிப் போனால், யாரோ ஒரு தமிழ் டூர் கோஷ்டிக்குப் பின்னால், தூணோரமாக, காதருகே கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுடைய கைடு சொல்லிக்கொண்டிருந்தார். 1906-ல் கட்டி முடித்த ஜெயில். நடுவில் கோபுரம், சுற்றி ஏழு கட்டடங்கள். இன்று நிற்பது மூன்றுதான். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம்!

நான் பார்த்த அதே சுவர்தான். இப்போது முதுகு சில்லிட்டது.

அதற்குள் கைடு அப்பாவைப் பார்த்துவிட்டார். "பெரியவரே, நீங்க எங்க க்ரூப்பா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லீங்க..." என்று அப்பா பின்வாங்கினார். தபாலாபீஸ் கவுன்ட்டரில் ஒரு பைசா பிசகாமல் கணக்கு ஒப்படைத்த மனுஷர். என்னால் ஓசியில் கதை கேட்டவர் ஆகிவிட்டார்.

வாசலுக்கு ஓடினேன். நல்லவேளை, நாங்கள் வேண்டாமென்ற கைடு அங்கேயே நின்றார். கூட்டி வந்தேன். கைதிகள் எண்ணெய் ஆட்டிய செக்கைப் பற்றி அவர் ஆரம்பித்ததும் அப்பா முந்திக்கொண்டார்: "கோயமுத்தூர் ஜெயில்ல நம்ம வ.உ.சி. இழுத்தாரே, அது மாதிரி!" கைடு தலையாட்ட, அப்பா முகத்தில் பழைய கம்பீரம் திரும்பியது.

மறுநாள் நானே பயந்துபோய்க் கேட்டேன். "ஏதாவது டூர்ல சேர்ந்துடலாமாப்பா?"

"எதுக்குடா? வா" என்று கிளம்பிவிட்டார்.

சாத்தம் ஜெட்டியில் அரசாங்கப் படகு ஏறி, எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூ ஃப்ளாட் போனோம். படகில் எங்களோடு மோட்டார் பைக்குகள், காய்கறி மூட்டைகள், டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவர்கள். அக்கரையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு மணி நேரம் பேச்சு ஓயவில்லை. விசில் அடிக்கத்தான் ஆள் இல்லையே!

திரும்பும்போது படகில் அப்பா சொன்னார்: "ஜெயில்ல ஒருத்தன் கூட வந்து சொன்னாத்தாண்டா தெரியுது. டீக்கடையில ஒருத்தனும் கூட வராட்டித்தான் தெரியுது."

ஊருக்கு வந்து கணக்கை முடித்தேன். கைடு கட்டணம் போக நல்ல மிச்சம்தான். ஆனால், அப்பா சொன்ன அந்த 'இல்லீங்க'வை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நான் படித்த பி.காமில் அது சிலபஸிலேயே இல்லை, ஸார்!