களிமண் தாங்குமா?



பத்தாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. விடுமுறைக்குப் புத்தளத்தில் சாச்சி வீட்டுக்குப் போய்வந்த மாணவன் கேட்டான்: "சேர், நுரைச்சோலையில எரிக்கிற நிலக்கரிச் சாம்பலுக்கு அடியில களிமண் போட்டா, ஒரு சொட்டுத் தண்ணியும் கீழ இறங்காதாமே?"

புத்தகத்தில் விடை இல்லை. அதனால் செய்தே பார்த்தோம். இரண்டு போத்தல்களின் அடியை வெட்டிக் கவிழ்த்தோம். ஒன்றில் எங்கட கடற்கரை மணல், மற்றதில் வட்டையிலிருந்து கொண்டுவந்த களியை நன்றாக இடித்து அடைத்தோம். மணலில் ஊற்றிய தண்ணி மணி அடிப்பதற்குள் இறங்கிவிட்டது. களியில் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் காலை பார்த்தால் கீழே சில சொட்டுகள்.

பிறகு கணக்குப் போட்டோம். சாம்பல் கொட்டும் இடத்துக்கு நல்ல களி என்றால், அதில் தண்ணி இறங்கும் வேகம் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வருடத்துக்கு 3 கோடியே 15 இலட்சம் செக்கன், ஆக 3 சென்ரிமீற்றர். 2 அடிக் களியைத் தாண்ட 20 வருடம் என்று பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அது மேலே தண்ணி தேங்காவிட்டால்தான். சாம்பலைக் கரைத்துக் குளமாக 3 மீற்றர் நிற்கவிட்டால் அழுத்தம் ஆறு மடங்கு. 20 வருடம் மூன்று வருடமாகிவிடும். மண்ணின் துளைகளுக்குள்ளால் மட்டுமே தண்ணி போகும் என்பதால் உண்மையில் அதைவிடவும் குறைவு.

சனி, ஞாயிறு கழித்து வந்தபோது களி காய்ந்து போத்தலின் ஓரத்தை விட்டு விலகியிருந்தது. ஊற்றிய தண்ணி நேரே ஓடியது. வெடித்த வயலையும், வரம்பில் நண்டு வளையையும் கண்ட எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் பார்த்தோம். மெதிலீன் நீலம் கலந்த தண்ணியை, களி கலந்த மணலில் ஊற்றினால் கீழே தெளிவாக வந்தது. நீலம் களியில் ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணியை ஊற்றி, வந்ததில் வெள்ளி நைத்திரேற்று விட்டோம். வெள்ளையாக வீழ்படிந்தது. குளோரைட்டைக் களி பிடிக்கவில்லை. களி நேர் ஏற்றமுள்ளதைத்தான் நன்றாகப் பிடிக்கும். ஈயம், கட்மியம் ஓரளவு மாட்டும். சாம்பலில் இருந்து கரையும் போரன், சல்பேற்று, செலனியம், ஆசனிக்கு பெரும்பாலும் அப்படி மாட்டுவதில்லை.

அமெரிக்காவில் 2015இல் வந்த சாம்பல் விதி, 2 அடிக் களி போட்ட பழைய குளங்களைப் பாதுகாப்பானவையாக ஏற்றது. 2018இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2020இல் விதி மாறியது: களி மட்டும் போட்ட குளம், ஒன்றுமே போடாத குளத்துக்குச் சமம். புதிதாகக் கட்டினால் களியின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டினாற்போல் கிடக்க வேண்டும். விரிப்பில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தில் களி தடுக்கும்.

நுரைச்சோலை எங்கேயோ என்று நினைக்க வேண்டாம். 900 மெகாவாற் நிலையம் நிற்பது கற்பிட்டிப் பக்கத்து மணலில்; அங்கும் நம்மைப்போல் ஆழமில்லாத கிணறுகள்தான். நமது கிழக்கிலும் சம்பூரில் ஒன்று வர இருந்து, 2016இல்தான் கைவிடப்பட்டது. மணலுக்குள் போனது இலேசில் வெளியே வராது என்பதைக் கல்முனையாருக்குச் சொல்லவா வேண்டும்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிணறுகளை இறைத்தோம். சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. வுழூச் செய்யும்போதே வாய் கரித்தது. பல மாரி மழைதான் மெல்லக் கழுவியது. அது வெறும் உப்பு.

போத்தல்கள் இன்னும் மேசையில் இருக்கின்றன. இப்போது புதுக் களி அடைத்து, மேலே பொலித்தீன் விரித்துத் தண்ணி ஊற்றியிருக்கிறோம். அந்த மாணவன் குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறான். திங்கள் போடுவோம் என்றிருக்கிறோம்.