ஹெட்டைக் கடைசியில் தொடு

தம்பி, ஃபிளெக்ஸ் கடை போடப் போகிறேன் என்று வந்து நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணாச்சி?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. பிரிண்ட்டில் கோடு விழுந்தால் முதலில் எதைத் தொடுவாய்? அநேகமாக எல்லோரும் யோசிக்காமல் சொல்லும் பதில், "ஹெட்டை."

மெஷினிலேயே விலை கூடிய உறுப்பு அது. டிஎக்ஸ்5 ஹெட்டில் வரிசைக்கு 180 வீதம் 8 வரிசை, மொத்தம் 1,440 துளைகள். கோனிகா 512 என்பதில் பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் மின்சாரம் பட்டதும் நெளிகிற ஒரு பீசோ பகுதி. அது நெளிந்து தள்ளுகிற இங்க் சொட்டைப் பிகோலிட்டரில் அளக்கிறார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். கோனிகாவில் 14 பிகோவும் உண்டு, 42 பிகோவும் உண்டு. தலைமுடியைவிடச் சன்னமான இந்தத் துளைகளை டிஷ்யூ பேப்பரால் தேய்க்கிற ஆபரேட்டரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

கோடு விழுந்ததும், எந்தத் துளை விடுகிறது என்று காட்டுகிற நாசில் செக் ஒன்று அடித்துப் பார். அடுத்தடுத்து இரண்டு தடவை அடி. விட்டுப்போன கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் துளை அடைத்திருக்கிறது. இடம் மாறி மாறி விட்டால் உள்ளே காற்று ஏறியிருக்கிறது. டியூப் இணைப்பையும், ஹெட்டுக்கு மேலே இங்க் தங்கிப் போகிற டேம்பரையும் பார். பேனரின் முதல் நாலு அடி நன்றாக வந்து, போகப் போக நிறம் வெளுத்தால் இங்க் வந்து சேரவில்லை; ஃபில்டரோ டேம்பரோ அடைத்திருக்கும், இல்லையென்றால் டியூப் எங்காவது மடங்கியிருக்கும். ராத்திரி நன்றாக ஓடியது காலையில் எல்லா நிறத்திலும் விட்டு விட்டு அடித்தால், ஹெட்டைக் கேப் சரியாக மூடவில்லை. எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் என்கோடர் ஸ்ட்ரிப்பில் அழுக்கு இருக்கும், அல்லது போக வர அடிக்கிற அலைன்மென்ட் தப்பியிருக்கும். நாசில் செக் முழுசாக இருந்தும் சம இடைவெளியில் கோடு விழுந்தால் ரோல் நகர்கிற ஸ்டெப்பைச் சரிசெய். இத்தனையில் ஹெட்டின் மேல் குற்றம் சொல்ல இடம் இருப்பது முதலாவதில் மட்டும்தான். அதிலும் ஊறவைத்தாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

மஞ்சள் விஷயத்தில் ஏமாந்துவிடாதே. வெள்ளை ஃபிளெக்ஸில் மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியாது. நீல எல்இடி லைட்டைப் பிடித்துப் பார். மஞ்சள் கறுப்பாகத் தெரியும், விட்டுப்போன இடம் பளிச்சென்று இருக்கும்.

ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணீர் அஞ்சலி ஆர்டர் வரும். விடிவதற்குள் வீட்டு வாசலில் கட்டியாக வேண்டும். கல்யாண பேனர் என்றால் காலையில் வேறு அடித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். இறந்தவர் நெற்றியில் வெள்ளைக் கோட்டோடு ஒரு படத்தை எந்த மகன் கையில் கொடுப்பாய்? அந்த நேரத்தில்தான் பதறிப்போய் கிளீனிங் மேல் கிளீனிங் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இங்க் வீணாவது போக, கேப் தேய்ந்திருந்தால் காற்றும் உள்ளே ஏறும். அதற்குப் பதில், நாலு பாஸில் அடிப்பதை எட்டு பாஸுக்கு மாற்று. ஒரே இடத்தின் மேல் பல துளைகள் வந்து போவதால் ஒன்று விட்டதை இன்னொன்று மூடிவிடும். நேரம் இரட்டிப்பாகும், படம் தேறிவிடும். ஹெட்டை விடிந்தபிறகு பார்த்துக்கொள்.

விடிந்தபிறகும் சிரிஞ்சை எடுத்து அழுத்தித் தள்ளாதே. உள்ளே கிழிந்தால் சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கலந்து வரும், அதற்கு மருந்து கிடையாது. நீ ஓட்டுகிற இங்க்குக்கு உரிய ஃப்ளஷ் திரவத்தைக் கேப்பில் விட்டு ஹெட்டை அதன்மேல் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போ. மெயின் ஸ்விட்ச்சை அணைக்காமல் ஹெட் கேபிளைக் கழற்றவே கூடாது. கேபிள் முனையில் ஒரு சொட்டு ஃப்ளஷ் இருந்தால் போதும், ஹெட்டும் போர்டும் சேர்ந்தே போய்விடும்.

முன்பு போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அவர்கள் தொழிலை இந்த மெஷின்தான் பறித்தது. அந்தப் பழக்கத்தையாவது நாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். கேப்பின் ரப்பர் விளிம்பையும் வைப்பரையும் துடைத்து, கேப்பில் கொஞ்சம் ஃப்ளஷ் விட ஐந்து நிமிடம் ஆகுமா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஷட்டரை இறக்கிவிட்டுப் போன கடைகளில், மறுபடி திறக்கும்போது ஹெட் கல்லாகியிருந்தது.

கரன்ட் போனால் ஹெட் பாதி வழியில், மூடாமல் நின்றுவிடும். அதனால் யுபிஎஸ் வாங்கும்போது கம்ப்யூட்டருக்கு மட்டும் கணக்குப் போடாதே. மெஷின் ஹெட்டைக் கேப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அளவுக்காவது தாங்க வேண்டும். ஐப்பசி மழையில் இங்க் காயாமல் சுருட்டினால் பேனர் ஒட்டிக்கொள்ளும். சித்திரையில் தலைகீழ், நாசிலிலேயே காயும். சால்வென்ட் வாடை பழகிவிட்டது என்று பெருமை பேசாதே. அதில் சைக்ளோஹெக்சனோன் போன்ற சரக்கு இருக்கிறது; எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், டீ கிளாஸ் பிரிண்டிங் ரூமுக்குள் வரவேண்டாம்.

இனி, மெஷினை எப்போது மாற்றுவது? ஹெட், பம்ப், போர்டு எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். ஹெட் ஓடுகிற ரயில் தேய்ந்தால், புது ஹெட் போட்டும் எழுத்து மங்கலாகத்தான் வரும். அந்த மெஷினுக்குக் காசு போடுவதை அன்றோடு நிறுத்து. ஒரு நோட்டில் வீணான ஃபிளெக்ஸ் அடிக்கணக்கையும் திருப்பி அடித்த ஆர்டரையும் எழுதி வா. மாதாமாதம் அந்த நஷ்டம் புது மெஷினின் தவணையைத் தொடுகிறதா என்று பார். சர்வீஸ்காரர் சொல்வதையும் விற்பனைக்காரர் சொல்வதையும்விட அந்த நோட்டை நம்பு.

அடுத்த மெஷினைப் பேனரை மட்டும் நம்பி எடுக்காதே. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அச்சடித்த கடைக்கும் சீல் வைத்தார்கள். அனுமதி இல்லாத பேனருக்கு எப்போது வேண்டுமானாலும் கெடுபிடி வரும். ஈகோ சால்வென்ட் மெஷின் ஒன்று இருந்தால் வினைல், கடை போர்டு, வண்டி ஸ்டிக்கர் என்று பிழைத்துக்கொள்ளலாம்.

மாற்றுவதை மார்கழியில் வைத்துக்கொள். ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்று நினைப்பாய், அம்மன் கோயில் கொடை பேனர் வந்து குவிந்துவிடும். மார்கழியில் வேலை குறைவு. தை பிறப்பதற்குள் புது மெஷினின் ஸ்டெப்பும் நிறமும் உன் கைக்கு வந்துவிடும். பழையதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதே. டேம்பர், மோட்டார், பெல்ட், கேபிள் எல்லாவற்றையும் கழற்றிப் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மட்டும் இரும்புக் கடைக்கு அனுப்பு.