லாஹௌல் பள்ளத்தாக்கில் நான்கு நாட்கள்

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர், தில்லி வாழ் அன்பர்களுக்கு லாஹௌல் எட்டாத ஊரன்று. மணாலியைக் கடந்து, ரோதாங் கணவாயில் ஏறாமலே, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை வழியே சென்றால் வேறோர் உலகம் கண்முன் விரிகிறது. பசுங்காடுகள் மறைந்து, வறண்ட மலைச் சுவர்களுக்கு நடுவே சந்திரா நதி ஓடுகிறது. தாண்டி என்னும் ஊரில் அது பாகா நதியுடன் கூடி, செனாப் ஆறாகப் பெருகுகிறது.

படுக்கையும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் அமைந்த வேன் ஒன்றில் அக்டோபர் மாதத்தில் அங்கே நான்கு நாட்கள் தங்கினோம். உடன் வந்த என் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இருப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். உறைந்தாலோ பயனற்றுப் போகும். ஆதலால் மின்சாரம் எங்களுக்கு ஆடம்பரமன்று, அவசியம்.

பாட்டரி நெற்குதிர் போன்றது. கூரைமேல் உள்ள சூரியத் தகடு வயல் போன்றது. விளைச்சல் குறைவாயின் பெரிய குதிர் இருந்து என்ன பயன்? எனவே முதலில் செலவைக் கணக்கிட்டோம். குளிர்ப்பெட்டிக்கு நாளொன்றுக்கு 400 வாட்-மணி, விளக்குகளுக்கு 60, கைப்பேசிகளுக்கு 90; ஆக 550. வெயிலில்லாத இரண்டு நாட்களுக்கு 1,100. நூறு ஆம்பியர்-மணி லிதியம் பாட்டரி சுமார் 1,280 வாட்-மணி கொள்ளும். அதில் பத்தில் ஒன்பது பங்கைச் செலவிடலாம். ஈய-அமில பாட்டரியில் பாதியளவே எடுப்பது நலமாதலால், அதே பயனுக்கு இரு மடங்கு பெரிதும், ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையும் வேண்டியிருக்கும்.

அடுத்தது வரவு. சமவெளியில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலைக் கணக்கில் கொள்ளலாம். லாஹௌலிலோ மலைகள் காலையில் கதிரவனைத் தாமதப்படுத்தி, மாலையில் விரைவில் மறைத்துவிடுகின்றன. ஆகவே மூன்று மணி நேரமே கொண்டோம். வழியில் வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 700 வாட்-மணி விளைய வேண்டும். அதற்கு 125 வாட் தகடுகள் இரண்டு பொருந்தின.

குளிர் இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லிதியம் பாட்டரியில் மின்னேற்றம் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். ஆதலின் அதனை வண்டிக்குள், இருக்கையின் அடியில் வைத்தல் நன்று. அந்நிலையில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் காப்பு உள்ளதா என்றும் வாங்கும்போதே கேட்டறிக. மேலும், குளிரில் தகட்டின் வோல்ட் உயரும். வரிசையாக இணைத்த இரு தகடுகள் 44 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருப்பினும், உறைபனிக் காலையில் 49 வரை செல்லலாம். எனவே 50 வோல்ட் வரம்புள்ள கட்டுப்பாட்டுக் கருவி போதாது. 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதே தக்கது.

கடைக்காரர் காட்டும் பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். செல்லும் ஊரில் வெயில் எத்தனை மணி நேரம், இரவின் குளிர் எவ்வளவு என்று அறிந்து வாங்குங்கள். அவ்வாறு புறப்படும் குடும்பம், முதியோரை வீட்டில் விட்டுச் செல்ல நேராது. அவர்களும் சந்திரா நதிக்கரையில் அமர்ந்து பனிமலை காணலாம்.