இன்னிக்கு என்ன வசனம்?

உங்கள் வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இருந்தால், கண் விழித்ததும் அது முதலில் எதை எடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகளும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், வாட்ஸ்அப்புக்கு முன்னால் ஒரு தியான ஆப். காலை ஆறு மணிக்கு 'டிங்' என்று ஒரு வசனமும், மாணவர்களுக்கென்று எழுதிய அரைப் பக்க விளக்கமும் வந்து விழும். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குவதற்குள் படித்துவிடுவாள். பிடித்துப்போனால் ஸ்டேட்டஸிலும் வைப்பாள். செல்போனால் ஒரு நல்லதும் நடக்கிறதே என்று எனக்கும் பெருமைதான்.

போன வருஷம் கணக்குப் பரீட்சை அன்று வந்த வசனம், எரேமியா 29:11. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு நம்பரே போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்கு நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறேன் என்று கடவுள் தைரியம் சொல்லும் இடம். காபி கப், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று அது அச்சாகாத இடம் கிடையாது.

"அப்பா, கரெக்டா இன்னிக்குன்னு பார்த்து வந்திருக்கு பாருப்பா!"

குதித்துக்கொண்டு போனாள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் அரியர்.

அழவில்லை. ஆனால் மறுநாள் ஆறு மணிக்கு 'டிங்' கேட்கவில்லை. ஆப்பையே தூக்கியிருந்தாள். "பொய் சொல்லுதுப்பா" என்றாள். ஆப்பைச் சொல்கிறாளா, ஆண்டவரையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு எங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தது. என் அம்மா ஒரு வாக்குத்தத்தப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே சுருட்டிச் சுருட்டி வசனச் சீட்டுகள். பரீட்சைக்குக் கிளம்பும்போது ஒன்றை உருவ வேண்டும். திட்டுகிற வசனம் ஒன்றுகூட அதில் வந்ததில்லை! மயிலாப்பூர் மாடவீதியில் கிளி ஜோசியக்காரரைப் பார்த்தால் சிரிப்போம். எங்கள் வீட்டில் கிளி மட்டும்தான் கிடையாது.

சீட்டு எடுப்பதும் பழைய வழக்கம்தான். 1728-ஆம் வருஷம் மே மாதம், ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊரில், சின்சென்டார்ஃப் பிரபு தன் சபையாருக்கு மறுநாளைக்கென்று ஒரு வாசகத்தைக் கொடுத்தார். 1731-லிருந்து வருஷம் முழுமைக்கும் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார்கள். அது இன்றும் வருகிறது. இந்த மொரேவிய சகோதரர்கள் 1760-லேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியேறியவர்கள். அந்தப் புத்தகத்துக்கான பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள், அதுவும் வருஷங்களுக்கு முன்னாலேயே. அதாவது, வசனத்துக்கு உங்கள் ஹால் டிக்கெட் நம்பர் தெரியாது. அன்றைக்குப் பிள்ளை பெற்றவளுக்கும், பெற்றவளைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கும் ஒரே வரி.

நான் படித்த காலத்தில் ஆப் ஏது? 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. மாணவர் குழு ஒன்று எங்கள் ஹாஸ்டலில் கூடும். அதில் ஒரு சீனியர் அண்ணன், மெஸ்ஸில் இட்லிக்கு நிற்கும்போது பின்னால் வந்து, "தம்பி, இன்னிக்கு அதிகாரம் முழுசா வாசிச்சியா?" என்பார். ஒரு வசனத்தைச் சொல்லித் தப்பிக்கவே முடியாது. அப்போது எரிச்சலாக இருக்கும். ஆப் அப்படியெல்லாம் கேட்காது, பாவம்.

ஒரு வாரம் கழித்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "எரேமியா இருபத்தொன்பதை முழுசா ஒரு தடவை படிக்கலாம் வாம்மா" என்றேன். வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள்.

அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறை பிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊர் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். இன்றைக்கு இருந்தால் அவர் செய்திதான் நிறைய ஃபார்வர்ட் ஆகியிருக்கும். எரேமியா சொல்வது எழுபது வருஷம். அது பத்தாவது வசனம். காபி கப்பில் இருப்பது அதற்கு அடுத்தது.

"எழுபது வருஷமா?" என்று நிமிர்ந்தாள். "அப்போ கடிதம் வாங்கினவங்கள்ல பாதிப் பேர் திரும்பியே போயிருக்க மாட்டாங்களேப்பா."

"ஆமா."

"அவங்ககிட்ட போயா நல்ல எதிர்காலம்னு சொன்னாரு?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை ஏன்ப்பா அந்த அரைப் பக்கத்துல போடலை?" என்று கேட்டுவிட்டு, பைபிளைத் தன் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆப் எப்போது திரும்பி வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அரியர் பரீட்சை அன்று காலை 'டிங்' கேட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னிக்கு என்ன வசனம்?"

"எண்ணாகமம்ப்பா. கோத்திரம் கோத்திரமா ஆளை எண்ணிக்கிட்டே இருக்காங்க."

"கணக்குப் பரீட்சைக்குப் பொருத்தம்தான்."

"அப்பா, ஆரம்பிக்காதீங்க!" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். கால்குலேட்டரை மேஜையிலேயே விட்டிருந்தாள். எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன்.