ராணி சோம்பேறி இல்லை!



நம் பள்ளி லாயத்தில் கடைசியாக நிற்கும் சிவப்புக் குதிரையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் ராணி. ஆனால் இப்போது நிறையப் பேர் அதை "சோம்பேறி ராணி" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜூலை மாதம் எங்கள் வகுப்புக்குக் குதிரையில் தாண்டும் பயிற்சி ஆரம்பித்தது. இரண்டு அடி உயரத்தில் ஒரு கட்டை. சார் முதல் நாளே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அங்கவடியை இரண்டு ஓட்டை ஏற்றிக் கட்ட வேண்டும். குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி வயிற்றுவார் பக்கத்திலேயே அசையாமல் இருக்க வேண்டும். குதிரை எழும்பும்போது இடுப்பை மடக்கி, சேணத்திலிருந்து லேசாக எழுந்து, இரண்டு கைகளையும் அதன் கழுத்தோரமாக முன்னால் விட வேண்டும். "தாண்டுறது குதிரையோட வேலை. நீ தாண்டாதே, கூடப் போ, அவ்வளவுதான்" என்றார். நான் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். பரீட்சை வைத்திருந்தால் பத்துக்குப் பத்துதான்!

குதிரை மேல் ஏறியதும் நோட்டில் எழுதியதெல்லாம் மறந்து போச்சு. முதல் தடவை, ராணி எழும்புவதற்கு முன்னாலேயே நான் முன்னால் பாய்ந்துவிட்டேன். என் பாரம் முழுக்க அதன் முன்னங்கால்கள் மேல் விழுந்தது. பாவம், தடுமாறித் தாண்டியது. கட்டையும் விழுந்தது. அடுத்த தடவை பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்துகொண்டேன். ராணி எழும்பிவிட்டது, நான் பின்தங்கிவிட்டேன். விழாமல் இருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினேன். பிறகு தொப்பென்று அதன் முதுகில் உட்கார்ந்தேன். "கையை விடு, கையை விடு" என்று சார் கத்துவார். நான் கேட்டால்தானே! இப்படியே இரண்டு வாரம் போனது.

மூன்றாவது வாரம் ராணி கட்டைக்கு முன்னால் வந்து டக்கென்று நின்றுவிட்டது. நான் மட்டும் அதன் கழுத்து வழியாகச் சறுக்கி மண்ணில் விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. "இது சோம்பேறி சார், வேணும்னே நிக்குது" என்று சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கே அந்தப் பெயர் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வாரமும் நின்றது. "வயசாயிடுச்சு போல. விளையாட்டு விழாவுல இதைத் தாண்ட விட வேண்டாம்" என்று சார் சொன்னார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பழி என் மேல் வராமல் போனது என்று உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் லாயத்துத் தாத்தா என்னைக் கூப்பிட்டார். ராணியின் உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினார். கடிவாள இரும்பு படும் ஓரம் சிவந்து புண்ணாகியிருந்தது. "நின்னது சோம்பேறித்தனத்துல இல்ல கண்ணு" என்றார். திட்டவே இல்லை. பிறகு, "உப்பு மூட்டை தூக்கியிருக்கியா?" என்று கேட்டார்.

"என் தம்பியைத் தூக்குவேன் தாத்தா."

"அவனைத் தூக்கிக்கிட்டு ஒரு கோட்டைத் தாண்டிப் பாரு."

வீட்டு வாசலில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். தம்பி ஒன்றாம் வகுப்புதான். முதலில், நான் தாண்டும்போது அவனைப் பின்னால் சாயச் சொன்னேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான். மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்து முன்னால் பாயச் சொன்னேன். இருவரும் குப்புற விழுந்தோம். முட்டியில் சிராய்ப்பு. கடைசியில், "என் முதுகோட ஒட்டிக்கோ, தோளை மட்டும் லேசா பிடிச்சுக்கோ, நான் போற பக்கம் வா" என்றேன். சுலபமாகத் தாண்டிவிட்டேன். அவன் முதுகில் இருப்பதே தெரியவில்லை!

எனக்கு வலித்தபோது "ஏய், வலிக்குதுடா" என்று தம்பியைத் திட்டினேன். ராணிக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நிற்பது ஒன்றுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். என்னை மாதிரியே ஒரு காலத்தில் பெரிய பெரிய வீரர்கள்கூடப் பின்னால் சாய்ந்து, கடிவாளத்தை இழுத்துக்கொண்டுதான் தாண்டினார்களாம். அப்படிச் சாய்ந்தால் குதிரையின் முன்னங்கால்களுக்குப் பாரம் குறையும் என்று நம்பினார்கள். இதை மாற்றியவர் ஃபெடெரிகோ கப்ரில்லி (1868-1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. மேலே ஆள் இல்லாமல் குதிரைகள் எப்படித் தாண்டுகின்றன என்று அவர் கவனித்துப் பார்த்தார். அவை தலையையும் கழுத்தையும் முன்னால் நீட்டித்தான் சமநிலை பிடிக்கின்றன, முன்னங்கால்களில்தான் இறங்குகின்றன. அப்படியானால் மாற வேண்டியது குதிரை இல்லை, மேலே இருக்கும் மனிதன்தான் என்று சொன்னார். இன்று ஒலிம்பிக்கில் தாண்டுகிறவர்கள் உட்காரும் முறை அவர் சொன்னதிலிருந்து வளர்ந்ததுதான். 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய நம் நாட்டு வீரர் ஃபவாத் மிர்சா தாண்டும் படங்களைப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

திங்கட்கிழமை சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியே எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. புண் ஆறும் வரை ராணிக்குக் கடிவாள இரும்பு மாட்டவில்லை. எனக்கோ மறுபடியும் அரிச்சுவடி! தரையில் நாலரை அடிக்கு ஒன்றாகக் கட்டைகளைப் போட்டு, வாரை முடிச்சுப் போட்டுவிட்டு, பிடரி மயிரைப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். ஒரு மாதம் இதேதான். தொடை வலி உயிர் போனது.

செப்டம்பர் கடைசியில் சார் மறுபடியும் இரண்டு அடிக் கட்டையை வைத்தார். ராணி காதுகளை முன்னால் நிமிர்த்தியது. நான் எதுவும் செய்யாமல் காத்திருந்தேன். அது எழும்பியபோது என் கைகள் தானாக முன்னால் போயின. ராணி நிற்கவே இல்லை!

விளையாட்டு விழாவில் ராணி தாண்டப் போகிறது. ஆனால் ஓட்டப் போவது நான் இல்லை, பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர். நான் விழுகிற கட்டையை எடுத்து வைக்கும் குழுவில் இருக்கிறேன். கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதுதான் நியாயம்.

அடுத்த ஆண்டு தாண்டப் போகும் தம்பி தங்கைகளுக்கு:

1. குதிகால் கீழே இறங்கியிருக்கட்டும். பிடிப்பு அங்கேதான், கையில் இல்லை.
2. பார்வை தூரத்தில் இருக்கட்டும். கட்டையைப் பார்க்காதே.
3. குதிரைக்கு முன்னால் பாயாதே. அது எழும்பும் வரை காத்திரு.
4. கை குதிரையின் வாயோடு போகட்டும். பயமாக இருந்தால் பிடரி மயிரைப் பிடி, வாரை இழுக்காதே.
5. இறங்கும்போது தொப்பென்று உட்காராதே.
6. குதிரை நின்றால், முதலில் நீ என்ன செய்தாய் என்று யோசி.

ஆறாவது சார் சொன்னது இல்லை. ராணி சொல்லிக் கொடுத்தது.

இனிமேல் யாரும் அதைச் சோம்பேறி என்று கூப்பிடாதீர்கள், ப்ளீஸ். லாயத்துப் பக்கம் போனால் ஒரு கேரட் கொடுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி